எண்பத்து நான்கு சத்துள்ள உப்பு

என் மனைவியை மீட்டுக்கொண்டு வருவது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தீர்மானம் செய்தேன்.

மீட்பது என்றதும் யாரோ முகமூடி போட்டவர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைக்காதீர்கள். தூக்கிப் போனவர்கள் என் மாமனாரும் மாமியாரும்தான். அதுவும் ஊரைக் கூட்டி, ஏழு வகை சாதம் போட்டு, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் அடுக்கி, வந்தவர்களுக்கெல்லாம் தாம்பூலம் கொடுத்துவிட்டுத் தூக்கிப் போனார்கள். வளைகாப்பு என்று அதற்குப் பெயர். ஏழாம் மாதம் வளையல் போட்டுவிட்டால் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட வேண்டும். புருஷன்காரன் தெருவில் நின்று கையாட்ட வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்த பெரியவர்கள் எந்தப் புருஷன்காரனையும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

போனால் என்ன, வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பீர்கள். வந்திருக்கலாம். என் வாய்தான் குறுக்கே வந்தது.

வளைகாப்புப் பந்தியில் மாமனார் நடேசன் என் இலைக்கு எதிரே வந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"பொண்ண இங்க வுட்டு வெச்சா நம்ம மாப்ள அவள வெச்சே ஆராய்ச்சி பண்ணிடுவாரு. அதான் கையோட கூட்டினு போறோம்."

பந்தியே சிரித்தது. பாயசம் ஊற்ற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி இலையில் எழுந்தேன்.

"கொழந்த பொறந்த சேதி வந்தாத்தான் உங்க வூட்டு வாசப்படிய மிதிப்பேன்!"

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தபோதுதான், இந்தச் சபதத்தில் எனக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை.

மாமனார் சொன்ன ஆராய்ச்சி என்னவென்று சொல்லிவிடுகிறேன். சுத்துக்கேணியில் எனக்குக் கரும்பு ஒன்றரைக் காணி, நெல் ஒரு காணி. அது தொழில். பொழுதுபோக்கு ஆரோக்கியம். மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து செல்போனைத் திறந்தால், உடம்பை இரும்பாக்குவது எப்படி என்று யாராவது ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டதை அன்றைக்கே வீட்டில் நடைமுறைப்படுத்திவிடுவேன். வெள்ளைச் சர்க்கரை போயிற்று. டீத்தூள் போயிற்று. கல்யாணமான ஆறாவது மாதம் பாக்கெட் உப்பு போயிற்று. மலையடிவாரத்தில் தாடியோடு நின்ற ஒருவர், இந்துப்பில் எண்பத்து நான்கு சத்துக்கள் இருப்பதாக அடித்துச் சொன்னார். நான் அன்றே இளஞ்சிவப்பு இந்துப்பு மூன்று பாக்கெட் வாங்கி வந்து, அடுப்படி ஜாடியில் இருந்த வெள்ளை உப்பைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, என் கையாலேயே ஜாடியை நிரப்பினேன்.

என் மனைவி செல்வி என்ற செல்வகுமாரி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

பலனும் கைமேல் கிடைத்தது. இரண்டே மாதத்தில் என் முட்டிவலி போன இடம் தெரியவில்லை. முகத்தில் ஒரு தெளிவு வந்தது. எங்கள் செவலைப் பசு கூடப் பளபளவென்று ஆகி, அரை லிட்டர் பால் அதிகம் கறந்தது. நல்ல உப்பு உள்ள வீட்டில் மாட்டுக்குக்கூட நல்லது நடக்கும் என்று டீக்கடையில் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாமிநாதன் தலையை ஆட்டிக் கேட்டான். அவன் டீயில் நிறைய சர்க்கரை போட்டுக் குடிப்பவன். அவன் கருத்து எனக்கு முக்கியமில்லை.

இப்போது செல்வி போய் இருபத்து மூன்று நாள். எனக்கு அப்பா அம்மா இல்லை. வீட்டில் நான், செவலை, ஒரு டி.வி. ஆள் பேசும் சத்தம் வேண்டுமே என்று டி.வி.யைப் போட்டு வைத்தேன். அதில் வரும் மருமகளும் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். நிறுத்திவிட்டேன்.

ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எப்படி என்று எந்த வீடியோவிலும் யாரும் சொல்லித் தரவில்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது. இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப அடுக்கில் செருகுவேன். தினமும் இது நடக்கும். குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை. அதே ஜாடி, அதே இந்துப்பு. கைப்பக்குவம் தாய்வீட்டுக்குப் போய்விட்டால் உப்பு என்ன செய்யும்?

செவலையும் சரியில்லை. கழுநீர்த் தொட்டியில் வாயை வைக்கும், எடுக்கும், என்னை ஒரு பார்வை பார்க்கும், நகர்ந்துவிடும். செல்வி வைத்தால் அடித்தொட்டி வரை நக்கும். அதுவும் அவளை நினைத்து ஏங்குகிறது என்று புரிந்துகொண்டேன். "இருடி, நானும் அப்டித்தான் கெடக்கேன்" என்று அதன் கழுத்தைச் சொறிந்துவிட்டேன். அந்த இருபத்து மூன்று நாளில் நான் மனம் விட்டுப் பேசிய ஒரே பெண் அதுதான்.

போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வீடியோவில் கூப்பிட்டால் முதலில் மாமியாரின் மூக்குத்தி வரும். பிறகு உத்தரம் வரும். அப்புறம் செல்வி வருவாள்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நீங்க சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

பின்னாலிருந்து மாமியார் குரல் வரும். "மாப்ளயாடி? சாப்ட்டாரான்னு கேளு."

"கேட்டாச்சும்மா."

இருபத்து மூன்று நாளாக இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் சொல்ல நினைத்தது வேறு. நீ இல்லாம இது வூடா இல்லடி, வந்துடு. இதை மாமியாரின் மூக்குத்தியிடம் எப்படிச் சொல்வது?

இந்த நிலைமையில்தான் அந்த வெள்ளிக்கிழமை மஞ்சுளாக்கா வந்தார். எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். முழுகாமல் இருப்பவர்கள் யார், எத்தனையாவது மாதம், எத்தனை கிலோ, எல்லாம் அவர் நோட்டில் இருக்கும்.

"செல்வி இல்லியா தம்பி?"

"இன்னாக்கா, அவளுக்கு மொத வளையல் போட்டதே நீங்கதானே?"

"அட ஆமால்ல. மறந்தே போச்சு."

மஞ்சுளாக்கா பத்து வருஷத்துக்கு முன்னால் பிறந்த குழந்தையின் எடையைக் கூட மறக்காதவர். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உட்காரச் சொன்னேன். ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

பையிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"இது இன்னாக்கா, கண்ணுக்கு வுடற மருந்தா?"

"உப்புக்கு வுடறது. உப்புல அயோடின் இருக்குதான்னு பாக்க. ஒரு சொட்டு வுட்டா ஊதாவா மாறணும். மாறலன்னா அயோடின் இல்லன்னு அர்த்தம்."

"இல்லன்னா இல்லாம போவட்டுமே. உப்பு கரிச்சா போதாதா?"

"அப்டிச் சொல்லாத தம்பி. கொழந்தைக்கு மூள வளர அதான் வேணும். வயித்துல இருக்கறப்ப அம்மாகிட்டருந்துதான் அதுக்குப் போவணும். அதனால முழுகாம இருக்கறவங்களுக்கு எப்பவும் விட ஜாஸ்தி வேணும். மொத மூணு மாசம் ரொம்ப முக்கியம். ரொம்பக் கொறஞ்சு போச்சுன்னா பின்னால புள்ள பேசறது, படிக்கறது எல்லாமே மந்தமாய்டும்."

பயந்தே போனேன். நல்லவேளையாக உடனே எண்பத்து நான்கு ஞாபகம் வந்தது. எண்பத்து நான்கு சத்து உள்ள உப்பில் அயோடின் இல்லாமலா போகும்? அயோடின் என்ன, அதன் அண்ணன் தம்பி பங்காளி எல்லாருமே அதில் இருப்பார்கள். என் வீட்டில் இருந்தவரை செல்விக்குக் குறையே இல்லை. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்பதுதான் கேள்வி.

மஞ்சுளாக்காவும் அதையே கேட்டார்.

"கடலோரத்துல பல வூட்ல இன்னும் சைக்கிள்ல வர்ற மூட்ட உப்புதான் வாங்கறாங்க. அதுல அயோடின் சேத்துருக்க மாட்டாங்க. பூரணாங்குப்பத்துல உன் மாமியா வூட்ல எப்டியோ?"

எப்படியோவா? நான் என் இரண்டு கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசலில் உப்புக்காரர் சைக்கிள் நிற்கும். மாமியார் வள்ளியம்மாள் படியால் அளந்து வாங்கிப் பானையில் கொட்டுவார். பெரிய பெரிய கல். ஈரம் சொட்டும்.

"கடல் மீனுலயும் கொஞ்சம் அயோடின் இருக்குது, பாலு முட்டயிலும் இருக்குது, ஆனா உப்புதான்..." என்று அக்கா சொல்லிக்கொண்டே போனார். மாமியார் வீட்டில் வாரம் ஐந்து நாள் மீன் குழம்பு. அதனால் அந்தப் பகுதியை நான் காதில் வாங்கவில்லை.

"யாராச்சும் போய் ஒரு சொட்டு வுட்டுப் பாத்தா தேவல" என்று எழுந்தார் அக்கா. "நீதான் போவ மாட்டியே. சபதம் போட்ருக்க. சரி, எனக்கு வேல கெடக்குது. பாட்டில் இங்கியே இருக்கட்டும், திங்கக்கெழம வாங்கிக்கறேன்."

பாட்டில் ஜன்னலில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். மணி பதினொன்று. தீர்மானம் பிறந்துவிட்டது.

திட்டம் சுலபம். பூரணாங்குப்பம் போவது. எல்லார் முன்னிலையிலும் மாமியார் வீட்டு உப்பில் ஒரு சொட்டு விடுவது. அது வெள்ளையாகவே இருக்கும். உடனே என் வீட்டு இந்துப்பில் ஒரு சொட்டு. அது ஊதாவாகப் பொங்கும். "என் புள்ள மூளைக்கு இந்த வூட்ல பாதுகாப்பு இல்ல" என்று ஒரே வரி. செல்வியை வண்டியில் உட்கார வைக்கக் கூடாது, ஏழு மாதம் முடிந்துவிட்டது. அதற்கு ஆட்டோ. மாமனார் வாயடைத்து நிற்பார். சாயங்காலம் எங்கள் வீட்டில் இரண்டு தட்டு.

சபதம்? வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன். தாண்டக் கூடாது என்று சொல்லவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜாடியிலிருந்து இந்துப்பை ஒரு கடிதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மறு பையில் பாட்டில். வில்லியனூர் தாண்டி, தவளக்குப்பத்தில் திரும்பி, பத்தரை மணிக்கு மாமியார் வீட்டு வாசலில் நின்றேன். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரே தாண்டாகத் தாண்டினேன். கால் மிதியடியில் சிக்கி, உள்ளே போய் விழுந்தேன்.

"வாங்க மாப்ள" என்றார் மாமியார், ஒன்றுமே நடக்காதது போல. "அவுரு காதுகுத்துக்குப் போயிருக்காரு. ஒக்காருங்க. செல்வி, யாரு வந்துருக்காங்க பாரு!"

மாமனார் இல்லையே என்று ஒரு குறைதான். இருந்தாலும் பரவாயில்லை, சேதி போய்ச் சேரும்.

வளையல் சத்தம் முதலில் வந்தது. பிறகு செல்வி வந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து நடந்தாள். வயிறு இந்த மூன்று வாரத்தில் நிறைய முன்னால் வந்திருந்தது. நான் இல்லாமலே வந்திருந்தது. 

"மெலிஞ்சிட்டீங்க" என்றாள்.

எவ்வளவோ சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். "உப்பு எங்க?" என்று கேட்டேன்.

"இன்னாது?"

"உப்பு. இந்த வூட்டு உப்பு. எனக்கு அத இப்பவே பாக்கணும்."

மாமியார் செல்வியைப் பார்த்தார். செல்வி கூரையைப் பார்த்தாள். மாமியார் உள்ளே போய் ஒரு தட்டில் உப்பைக் கொண்டு வந்து, என் கையில் தராமல் தரையில் வைத்தார்.

"உப்ப கைக்குக் கை குடுக்கக் கூடாது மாப்ள. சண்ட வரும்."

"பரவால்ல அத்தை. வந்ததே அதுக்குத்தான்."

பாட்டிலை எடுத்தேன். அயோடின் பற்றி, குழந்தையின் மூளை பற்றி, மஞ்சுளாக்கா சொன்னதை அப்படியே, கொஞ்சம் கை கால் சேர்த்துச் சொன்னேன். இருவரும் மரியாதையாகக் கேட்டார்கள். தட்டில் ஒரு சொட்டு விட்டேன்.

உப்பு ஊதாவாக மாறியது. சாதாரண ஊதா இல்லை. பழுத்த கத்திரிக்காய் ஊதா.

"இது... இது இன்னா உப்பு அத்தை?"

"கடையில வாங்குன பாக்கெட் உப்பு மாப்ள."

"பானைல கல்லு உப்பு இருக்குமே? சைக்கிள்ல வருமே?"

"அது மீன் கழுவ, கருவாடு போட. இவ வந்த அன்னிக்கே கொழம்புக்கு இதான்னு சொல்லிட்டா. மூடி போட்ட டப்பால வெக்கணும், எறக்கறப்பதான் போடணும், ஒரு மணிநேரம் கிளாஸ் எடுத்தா."

சரி, முதல் சுற்று போயிற்று. இரண்டாவது சுற்று கையில் இருந்தது.

"எல்லா பாக்கெட்டும் ஒண்ணு இல்ல" என்று சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதாசியை எடுத்துப் பிரித்தேன். "இது எங்க வூட்டு உப்பு. எண்பத்து நாலு சத்து. இப்ப பாருங்க ஊதாவ!"

ஒரு சொட்டு விட்டேன். இளஞ்சிவப்பு உப்பு ஈரமான இளஞ்சிவப்பு உப்பாக ஆயிற்று.

இன்னொரு சொட்டு விட்டேன். இன்னும் ஈரமாயிற்று.

"கொஞ்ச நேரம் ஆவும் போல மாப்ள" என்றார் மாமியார். நல்ல மனுஷி.

குனிந்து பார்த்தேன். நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்பத்து நான்கில் ஒன்று கூட எட்டிப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொத மூணு மாசம் ரொம்ப முக்கியம். அந்த மூன்று மாதம் அவள் எங்கே இருந்தாள்? என் வீட்டில். எந்த ஜாடியிலிருந்து சமைத்தாள்? நான் என் கையால் நிரப்பிய ஜாடியிலிருந்து.

மூன்று வேளை. ஏழு மாதம். மாமனார் பந்தியில் ஆராய்ச்சி என்று விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் நிஜமாகவே செய்திருக்கிறேன்.

கடிதாசியை மடித்தேன். ஏன் மடித்தேன் என்று தெரியாது. எழுந்து பின்கட்டு வழியாகத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே துணி துவைக்கிற கல் ஒன்று இருந்தது. அதில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

வளையல் சத்தம் கேட்டது. செல்வி வந்து பக்கத்தில் நின்றாள்.

"இன்னாங்க இது?"

"நான் பாழாக்கிட்டேன் செல்வி. எவனோ மல மேல நின்னுகினு சொன்னான்னு புள்ளயோட மூளைல கைய வெச்சிட்டேன். நாளைக்கே டாக்டர்கிட்ட கேப்போம். இன்னா செய்யச் சொன்னாலும் செய்வோம். உங்கப்பா சொன்னது சரிதான். நீ இங்கியே இரு. என்கிட்ட வராத."

மீட்க வந்தவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் அதைத்தான் சொன்னேன். அந்த நிமிஷம் அவள் என்னோடு வர வேண்டாம், குழந்தை நன்றாக இருந்தால் போதும் என்று மனதார நினைத்தேன்.

செல்வி மெதுவாகக் கல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நீங்க உப்ப சாக்கடைல கொட்னீங்கல்ல, அன்னிக்குச் சாயங்காலமே நான் மாலிக் பாய் கடைல வேற வாங்கிட்டேன்."

"எந்த உப்பு?"

"பாக்கெட் உப்பு. அயோடின் உப்பு."

"எங்க வெச்ச? நான் பாக்கவே இல்லியே!"

"அரிசி ட்ரம்முல. நீங்க அரிசி ட்ரம்ம என்னிக்குத் தொறந்தீங்க?"

"அப்ப ஜாடில இருந்தது?"

"அது நீங்க பாக்கறதுக்கு."

"கொறஞ்சுகினே வந்துச்சே! மாசம் ஒரு தடவ நான் ரொப்புனேனே!"

"செவலைக்குப் போட்டேன். தெனம் கழுநீர்ல ஒரு புடி. மாட்டு டாக்டர் உப்பு போடுங்கன்னு சொல்லினே இருந்தாரு. எதுக்குத் தனியா வாங்கணும்னு வுட்டுட்டேன்."

பளபளப்பு. அரை லிட்டர் பால். கழுநீரில் வாயை வைத்துவிட்டு என்னைப் பார்த்த அந்தப் பார்வை. அது ஏக்கம் இல்லை. உப்பு எங்கேடா என்று கேட்டிருக்கிறது.

"அப்ப என் முட்டிவலி?"

"வண்டி ரிப்பேர்னு ரெண்டு மாசம் கரும்புக் கொல்லைக்கு நடந்தீங்களே. நடந்தா போவாதா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னா ட்ரம்மத் தேடுவீங்க."

 இரண்டு வருஷமாக நான் சாப்பிட்டது பாக்கெட் உப்பு. அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் டீக்கடையில் இந்துப்பின் மகிமை பேசியிருக்கிறேன். நிஜமாகவே இந்துப்பு சாப்பிட்டது இந்த இருபத்தைந்து நாள்தான். குழம்பு ஏன் விளங்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக, நெஞ்சில் வைத்த பாறாங்கல்லை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. சிரித்தேன். சிரிப்பு அழுகையில் போய் முடிந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"பய உதைக்கறான்" என்று என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். பயலோ பொண்ணோ, பலமாகத்தான் உதைத்தது. எனக்கு அது தேவைதான்.

"வூட்ல ஒருத்தனா இருக்க முடியல செல்வி" என்றேன். இருபத்தைந்து நாளாகச் சொல்ல நினைத்தது ஒருவழியாக வெளியே வந்துவிட்டது.

"இங்க மட்டும் இன்னா? சுத்தி ஆளுங்க இருக்காங்க. சாப்ட்டியா சாப்ட்டியான்னு எல்லாரும் கேக்கறாங்க. சண்ட போட ஒருத்தர் இல்ல."

"அப்ப வந்துடேன்."

"அம்மாவுக்கு ஆச. நான் ஒரே பொண்ணு. இருந்துட்டு வரேன். நீங்க வாங்க."

"சபதம் போட்ருக்கேனே."

"அதான் தாண்டி வந்தீங்களே. நானும் அம்மாவும் ஜன்னல்ல பாத்துனுதான் இருந்தோம்."

"வாரா வாரம் வந்தா ஊரு சிரிக்கும்டி. ஒவ்வொரு தடவயும் இன்னா காரணம் சொல்றது?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எழுந்து சாப்ட வாங்க. வஞ்சிரம் கொழம்பு."

சாப்பிட்டேன். இரண்டு தட்டு எதிரெதிரே. உப்பு சரியாக இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினேன். தனியாகத்தான். தூக்குச் சட்டியில் மீன் குழம்பு முன்னால் தொங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து, ஜாடியில் மிச்சமிருந்த இந்துப்பில் ஒரு பிடி அள்ளிக் கழுநீரில் போட்டேன். செவலை தொட்டியின் அடி வரை நக்கிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுத்துக்கொண்டது. எனக்குத் துணையாக ஏங்க இருந்த ஒரு ஜீவனும் இல்லை என்று ஆயிற்று. அரிசி ட்ரம்மைத் திறந்து கையை விட்டேன். அடியில் பாக்கெட் உப்பு இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடுப்படியிலேயே நின்றேன்.

திங்கட்கிழமை காலை பாட்டிலைக் கொடுக்க அங்கன்வாடிக்குப் போனேன்.

"ஊதா வந்துச்சா தம்பி?" என்றார் மஞ்சுளாக்கா.

"வந்துச்சுக்கா."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து சத்து மாத்திரை அட்டை ஒன்றை எடுத்தார். "செல்வி இத இங்க மறந்துட்டுப் போய்ட்டா. வர்ற ஞாயித்துக்கெழம..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அட்டையை மேஜையில் போட்டார். "என்னால முடியல தம்பி. வாரா வாரம் மறந்த மாதிரி நடிக்கச் சொல்றா. எனக்கு இதெல்லாம் வராது. நீயே படிச்சுக்கோ."

செல்போனை என்னிடம் நீட்டினார். செல்வி அனுப்பியிருந்த சேதி. தேதியைப் பார்த்தேன். வளைகாப்பு நடந்த அன்று சாயங்காலம். நான் இங்கே கதவைத் திறந்துகொண்டிருந்த அதே நேரம்.

'அக்கா, அவரு கோவத்துல வர மாட்டேன்னுட்டாரு. வாங்கன்னு கூப்ட்டா வர மாட்டாரு. ஜெயிக்கலாம்னு தெரிஞ்சா ஓடியாருவாரு. மொத மூணு வாரம் ஒண்ணும் செய்ய வேணாம், கோவம் ஆறட்டும். நாலாவது வாரம் உப்பு பாட்டில். எங்கம்மா வூட்டு உப்பு மேல ஒரு சந்தேகம் கெளப்பி வுட்டா போதும். அதுக்கடுத்த வாரம் மாத்திர மறந்துட்டேன்னு சொல்லுங்க. அப்புறம் தடுப்பூசி அட்ட. அப்புறம் செவலைக்கு ஒடம்பு சரியில்லன்னு நீங்களா ஏதாவது சொல்லுங்க, என்கிட்ட கேக்க வருவாரு...'

இப்படியே பிரசவம் வரைக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு காரணம். கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், 'இதுக்கு ஒண்ணும் வேணாம்க்கா, அதுக்குள்ள வெக்கத்த வுட்டுட்டு அவரே வருவாரு' என்று இருந்தது.

 பிள்ளைகள் உள்ளே ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தோற்றது தெரிந்தது. அவளும் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது. மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பிறகு, ஆம்பிளைக்கு மிச்சமிருக்கிற கொஞ்சம் மானத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா, மஞ்சுளாக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, நான் இத படிச்சேன்னு அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

மஞ்சுளாக்கா செல்போனை வாங்கி, விரலால் இன்னும் கொஞ்சம் மேலே தள்ளி, கடைசி வரியைக் காட்டினார்.

'இத அவரு படிச்சிட்டா, சொல்லாதீங்கன்னு உங்க கையப் புடிச்சுனு கேப்பாரு. சரின்னு சொல்லிடுங்கக்கா.'

"சரி தம்பி" என்றார் மஞ்சுளாக்கா.